சார்ந்ததன் வண்ணம்

(பிள்ளைச்சாவடியில் மாசிமகத் திருவிழாவையொட்டி நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்பது. பெயர் பெரிதாக ஒலித்தாலும் பொருள் எளிதேயாம். உயிர் தனித்து நிற்க வல்லதன்று. எதனையேனும் சார்ந்தே நிற்கும். எதனைச் சார்ந்ததோ அதன் நிறத்தைத் தானும் ஏற்கும். படிகத்தைச் செம்மலரின் பக்கத்தில் வைத்தால் செம்மையாய்த் தோன்றும். நீலமலரின் பக்கத்தில் வைத்தால் நீலமாய்த் தோன்றும். கண் இருளில் இருளோடு இருளாயும், ஒளியில் ஒளியோடு ஒளியாயும் நிற்கும். இவை சித்தாந்த ஆசிரியர்கள் காட்டும் உவமைகள். இவ்வூரார்க்கு இவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டினால் உப்புக் கடலுக்கு அருகிலேயே நன்னீர் சுரக்கின்றது. கடல் உள்ளே ஏறி வந்துவிட்டாலோ அதே ஊற்று உவர்க்கின்றது. ஊற்றின் மேல் குற்றமில்லை. அதனைச் சார்ந்தது மாறிற்று, அவ்வளவே.

மனிதன் பிறக்கும்போது எதனையும் கற்றுக்கொண்டு வருவதில்லை. கூப்பிய கையும், நெற்றியில் திருநீறும், 'மாமா' 'சித்தப்பா' என்னும் முறைப்பெயரும், எச்சில் எது, தீட்டு எது என்னும் வேறுபாடும் ஒருவர் சொல்லி, ஒருவர் செய்து காட்டி வருவனவேயாம். கட்டுமரத்தின் பின்கோடியில் தந்தையின் காலடியில் அமர்ந்த சிறுவனுக்கு வாடை எது, கொண்டல் எது, நீரோட்டம் எப்பக்கம் என்பதனை எந்தப் புத்தகம் கற்பித்தது? உடம்பே கற்றுக்கொண்டது. இதனை இக்காலத்து அறிஞர் 'சமூகமயமாதல்' என்று பெயரிட்டு நூல்கள் எழுதுகின்றனர். பெயர் புதிது. செய்தி நம் பெரியோர் முன்பே அறிந்தது.

ஆயின் ஒன்று உண்டு. குழந்தைப் பருவத்தோடு இக்கல்வி முடிந்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். அன்று. இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்களைக் கேட்போம். பிறந்த வீட்டில் இருபது ஆண்டு குழம்புக்கு உப்பிட்ட கை, புகுந்த வீட்டில் முதல் நாள் நடுங்கிற்றா இல்லையா? அங்குப் புளி கூடுதல், இங்கு மிளகு கூடுதல். அங்குத் தந்தையிடம் நேரே பேசலாம். இங்கு மாமனார் முன் குரல் தாழ்த்த வேண்டும். ஒரு பெண் தன் வாழ்நாளின் நடுவில் நின்று மறுபடியும் அரிச்சுவடி கற்கின்றாள். பிறகு தாயாகும்போது ஒரு முறை, மாமியாராகும்போது ஒரு முறை, தாலி இழந்து நிற்க நேர்ந்தால் மிகக் கொடிதாக இன்னொரு முறை. ஆண்மக்கள் இதனைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவர்களுக்கு இப்பாடம் வேலை மாறும்போதும், ஊர் மாறும்போதும், கை தளர்ந்து மகன் கையை எதிர்பார்க்கும்போதும்தான் வருகின்றது. தாமதமாக வருவதால் கடினமாகவும் வருகின்றது.

மெய்கண்ட தேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத திருவெண்ணெய்நல்லூரில் இருந்து அருளியவர். அவர் தமது சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில், வேடர் கையில் அகப்பட்டு அவர்களிடையே வளர்ந்த அரசகுமாரன் ஒருவனை உவமையாகக் குறிப்பிடுகின்றார். அரசனின் மகன்; ஆயினும் வேடர் மொழியே பேசுகின்றான்; வேடர் உணவே உண்கின்றான்; தான் வேடனே என்று உறுதியாக நம்புகின்றான். ஐம்பொறிகளாகிய வேடரிடையே அகப்பட்ட உயிரின் நிலை இது. பின்பு இறைவன் குருவாக எழுந்தருளி, 'நீ இன்னான்' என்று உணர்த்துகின்றான்.

இவ்வுவமையில் நாம் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. வேடர் நடுவில் வளர்ந்தது அக்குழந்தையின் குற்றமன்று. 'ஏன் வேடனாக நடந்தாய்?' என்று வினவுவதற்கும் அங்கு இடமில்லை. 'நீ என் மகன்' என்று உணர்த்துவதே செய்தி. குழந்தையைத் தேடிப்போய்த் திட்டிவிட்டு வருபவனுக்குக் குரு என்று பெயரில்லை.

வலைவீசிய திருவிளையாடலும் இதனையே வேறொரு வகையில் காட்டுகின்றது. இவ்வூரில் அதனைச் சொல்லாமல் போவது பாவம் என்றே கருதுகின்றோம். வேதப்பொருளைச் சிவபெருமான் விரித்துரைத்தபோது அம்மை கவனமின்றி இருந்ததால், பரதவர் குலத்தில் பிறக்கும்படி நேர்ந்தது என்று திருவிளையாடற்புராணம் கூறும். புன்னை மரத்தடியில் கிடந்த பெண்குழந்தையை மகப்பேறில்லாத பரதவர் தலைவன் எடுத்து வளர்க்கின்றான். உலகன்னை மீனவர் மகளாகவே வளர்கின்றாள். மணலில் விளையாடுகின்றாள், உப்புக்காற்றில் முடி உலர்த்துகின்றாள். அவளை மீட்க இறைவன் என்ன செய்தான்? கயிலையிலிருந்து ஆணை அனுப்பினானா? இல்லை. தானே வலைஞன் கோலம் பூண்டு, தோளில் வலையைப் போட்டுக்கொண்டு, கடற்கரைக்கு வந்து, ஊரையே கலக்கிய சுறாவைப் பிடித்துக் காட்டி, பரதவர் வீட்டு மாப்பிள்ளையானான். எந்த வண்ணத்தில் அவள் வளர்ந்தாளோ அந்த வண்ணத்தைத் தானும் ஏற்று வந்தான். அழைக்க வருகின்றவன் எத்துணை இறங்கி வர வேண்டும் என்பதற்கு இதனினும் ஒரு சான்று வேண்டுமோ?

இனி நம் புதுச்சேரிக்கே வருவோம். ஓர் ஊர் முழுவதும் மீளவும் மீளவும் புதிய வண்ணம் ஏற்க நேர்ந்ததற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு தேடினாலும் கிடைப்பது அரிது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் 1873-இல் ஐரோப்பிய முறையில் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துள் சென்றார். அது இந்தியருக்கு ஆகாது என்று அவரைத் தண்டித்தனர். அவர் பாரீசு நகரத்து நீதிமன்றம் வரை சென்று வழக்காடி வென்றார். பின்பு 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. விரும்பும் இந்தியர் தம் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வரலாம். வருவோர் புதிய குடும்பப் பெயரும் சூடிக்கொள்ளலாம். அவ்வாறு துறந்தவர்களின் முன்னணியில் நின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லப்போர்த்' என்று பெயர் சூடினார். பிரெஞ்சு மொழியில் அதற்குக் 'கதவு' என்று பொருள்.

அவர்களை இகழ்ந்து பேசுவோரை நாம் கேட்டிருக்கின்றோம். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. தம்மை மதியாத இடத்திலிருந்து, மதிப்புக் கிடைக்கும் இடம் நோக்கி உயிர் நகர்வது இயல்பு. செருப்பணிய ஒருவனுக்கு உரிமை இல்லை என்று சொல்லும் இடத்தில் அவன் எவ்வளவு காலம் நிற்பான்? எனினும் பெயரும் சட்டமும் ஒரே நாளில் மாறின. அடுப்பங்கரையும் தாலாட்டும் ஒரே நாளில் மாறவில்லை. பெருங்காயம் வைத்த பாண்டத்தைக் கழுவிய பின்னும் மணம் நிற்பதனை 'வாசனை' என்று நூல்கள் கூறும். காயப்போட்ட வலையில் கடலின் மணம் நிற்பதனை நீங்கள் அறிவீர்கள்.

பின்பு 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியான மாற்றமும் நிறைவேறிற்று. எந்த நாட்டுக் குடியாக இருப்பது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அளிக்கப்பட்டபோது, ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக் குடியாகவும் தம்பி இந்தியக் குடியாகவும் ஆனதுண்டு. 'சொல்தா' வீடு என்று நம் தெருக்களில் சொல்லும் வீடுகளுக்குப் பிரெஞ்சு நாட்டுப் பென்ஷன் வந்துகொண்டிருக்க, வாசலில் மார்கழிக் கோலமும் குறையவில்லை. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வந்து வடம் தொட்டு இழுத்தார். அவர் சைவர் அல்லர், தமிழரும் அல்லர். அந்த ஊரில் அந்தப் பதவியில் இருந்தால் அந்த வடத்தைத் தொட வேண்டும்; தொட்டார். இன்று துணைநிலை ஆளுநர் தொடுகின்றார். நாம் பிரெஞ்சுக்காரரின் வண்ணத்தை ஏற்றோம் என்பது மெய். திருக்காமீசுவரரின் தெருவில் அவர்களும் சிறிது வண்ணம் ஏற்றனர் என்பதும் மெய்.

இவையெல்லாம் புறத்து வண்ணங்கள். அகத்தே முழுதும் ஒரு வண்ணத்தில் தோய்ந்து, பிறகு முழுதும் வேறொரு வண்ணத்திற்கு மீண்ட ஒருவர் வரலாற்றைச் சொன்னால்தான் இப்பொருள் நிறைவெய்தும். அவர் திருநாவுக்கரசு சுவாமிகள். ஏழாம் நூற்றாண்டினர். நம் பக்கத்து நாடாகிய திருமுனைப்பாடி நாட்டிலே திருவாமூரிலே, புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகவாகத் தோன்றி, மருள்நீக்கியார் எனப் பெயர் பெற்றவர்.

அவர் ஏன் சமணம் புகுந்தார் என்பதனைச் சேக்கிழார் பெருமான் மிக நுட்பமாகக் காட்டுகின்றார். தந்தை இறந்தார், தாயும் உடன் சென்றார். தமக்கை திலகவதியார்க்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்த தமக்கையாரைத் தம்பியார் அடிவீழ்ந்து தடுத்தார். தம்பிக்காக அவர் உயிர் தாங்கினார். இத்தனை சாவுகளைக் கண்ட இளைஞர் உள்ளத்தில் நிலையாமை உறைத்தது. அறச்சாலை வைத்தார், தண்ணீர்ப்பந்தர் வைத்தார். அதனாலும் ஆறாமல், துறவு நெறி எங்குளது என்று தேடிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்தார். ஆசையால் போனவர் அல்லர், துயரத்தால் போனவர். வீட்டில் ஆறாத புண்ணுக்கு வெளியில் மருந்து தேடிப்போனவர். அப்பள்ளியும் அவரை வரவேற்றது, கற்பித்தது, தருமசேனர் என்று பெயர் தந்தது, தலைமையும் தந்தது. நடையும் உடையும் உணவும் பெயரும் புதியனவாயின.

தமக்கையார் என்ன செய்தார்? ஊரைக் கூட்டித் தம்பியைப் பழிக்கவில்லை. திருவதிகை வீரட்டானத்திற்குச் சென்று தங்கினார். விடியுமுன் எழுந்து திருவலகிட்டார், மெழுக்கிட்டார், மாலை தொடுத்தார். தம்பியை மீட்டருள வேண்டும் என்று இறைவனிடம் மட்டும் சொன்னார். எத்தனை ஆண்டு? புராணம் கணக்குச் சொல்லவில்லை. காத்திருப்பவர்க்குத்தான் அக்கணக்குத் தெரியும்.

சூலைநோய் வந்தது. பள்ளியாரின் மந்திரமும் மயிற்பீலியும் பயன்படவில்லை. தமக்கையார்க்குச் சமையற்காரனை அனுப்பினார். 'அப்பள்ளிக்கு நான் வாரேன்' என்று அம்மையார் சொல்லிவிட்டார். இங்கே சிலர் மயங்குவதுண்டு. இறைவன் வலைஞனாக இறங்கி வந்தானே, இவ்வம்மையார் ஏன் செல்லவில்லை? செல்லாமல் இருந்ததும் ஓர் உதவியே என்பது நம் துணிபு. திரும்பி வருபவனுக்கு வந்து சேர ஓர் இடம் வேண்டும். அவ்விடம் நகர்ந்துகொண்டே இருந்தால் அவன் எங்கே வருவான்? அம்மையார் அவ்விடமாக நின்றார்.

மருள்நீக்கியார் பாயை ஒழித்தார், உறியிலிருந்த குண்டிகையை ஒழித்தார், பீலியை ஒழித்தார், வெள்ளாடை உடுத்தார். உடன் வருவாரைப் பற்றிக்கொண்டு, எவரும் அறியாமல் இரவோடு இரவாகத் திருவதிகை வந்தார். பகலில் வர வெட்கம். தலைவராய் இருந்தவர் நோயாளராய்த் தமக்கை வாயிலில் நிற்க வேண்டும். அந்த இரவு நடையின் துன்பம் சூலையினும் பெரிதாக இருந்திருக்கும் என்று நாம் கருதுகின்றோம். வாயிலில் வந்து வீழ்ந்தார். அம்மையார் வாய் திறந்து கடிந்தாரா? 'அன்றே சொன்னேனே' என்றாரா? அருளை நினைந்து தொழுதார், 'எழுந்திரும்' என்றார், ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார், திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் அழைத்துக்கொண்டு, வழக்கம்போல் திருக்கோயிற் பணிக்குப் புறப்பட்டார். வழக்கம்போல் என்பதனைக் கவனியுங்கள். வந்தவருக்கு அன்றைய வேலையில் ஒரு பங்கு கிடைத்தது. அங்கேதான் முதற்பதிகம் பிறந்தது; நாவுக்கரசு என்னும் பெயரும் இறைவனால் வந்தது.

சமணப் பள்ளியில் கழிந்த நாட்களுக்காக அவரே பதிகங்களில் பலகால் இரங்கியதுண்டு. ஆயினும் அங்குப் பெற்ற கல்வியும், உடம்பை ஒறுத்த பயிற்சியும், பொன்னையும் ஓட்டையும் ஒப்ப நோக்கும் துறவும் வீணாயினவா? பிற்காலத்தில் திருப்புகலூரில் அவர் உழவாரப்பணி செய்த இடத்தில் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றைக் கல்லோடு கல்லாக வாவியில் எறிந்தார். அந்தக் கைக்கு அப்பயிற்சி இளமையிலேயே வந்திருந்தது. இறைவன் பாண்டத்தை உடைக்கவில்லை. உள்ளே இட்டதனை மாற்றினான்.

இவ்வளவும் ஏன் இங்கு விரித்தோம்? இப்பகுதியில் ஒரு குப்பத்தில் நாம் கண்ட ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டா. குடியினால் வலையை விற்றவர். மனைவியின் காதணியை விற்றவர். பிறகு மருத்துவம் பெற்று, குடியை விட்டு, ஊர் திரும்பினார். திருவிழா வரி எழுதும் இடத்தில் தம் பங்குப் பணத்தை முதல்முறையாகத் தாமே கொண்டுவந்து நீட்டினார். எழுதுபவர் வாங்கிக்கொண்டு, 'குடிகாரன் வீடு' என்று உரக்கச் சொல்லிக் குறித்தார். சுற்றியிருந்தவர் சிரித்தனர். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. அம்மனிதர் அன்று மாலை எங்கே போனார் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. அவரை வரவேற்க ஒரே ஓர் இடம்தான் எப்போதும் திறந்திருந்தது. அங்குப் பழைய பெயரைச் சொல்லி எவரும் இகழமாட்டார்கள். சாராயக்கடையில் கிடைக்கும் மரியாதை கோயில் வாசலில் கிடைக்கவில்லையானால், உயிர் எதனைச் சாரும்? சார்ந்ததன் வண்ணமன்றோ அது?

முதியோர்க்கும் ஒரு சொல் உண்டு. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புக் கற்சுவர்கள் 1980-களின் இறுதியில் எழுந்தபின், வடக்கு நோக்கி வர வேண்டிய மணல் தடைப்பட்டு, நகரத்துக் கரையும் அதன் வடக்கிலுள்ள கரைகளும் அரிக்கப்பட்டன. உங்கள் ஊரில் வலை உலர்த்திய மணலும், சில வீடுகளும் கடலுக்குள் போயின. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டா. வலை இழுத்த கைகளின் பிள்ளைகள் இன்று கம்பெனிக்கும் வெளிநாட்டுக்கும் செல்கின்றனர். காலாப்பட்டில் 1985-இல் வந்த பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது. கற்ற பிள்ளை கடலைப் பற்றிப் பேசினால், 'நீ எனக்குச் சொல்ல வந்துவிட்டாயா?' என்னும் பெரியவர்களைப் பார்க்கின்றோம். அறுபது வயதைக் கடந்தவர் என்ற முறையில் அவர்களின் எரிச்சல் நமக்கு நன்றாகப் புரிகின்றது. ஆயினும் அருணந்தி சிவாசாரியாரை நினைக்க வேண்டும். சகலாகம பண்டிதர், மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுரு. சிறுவர் பாடம் சொல்லுகின்றார் என்று கேள்விப்பட்டு, சினத்தோடு திருவெண்ணெய்நல்லூர் சென்று, 'ஆணவம் எப்படி இருக்கும்?' என்று வினவினார். மெய்கண்டார் வாய் திறவாமல் அவரையே அடிமுதல் முடிவரை நோக்கினார். அவ்வளவில் முதியவர் அச்சிறுவரின் அடியில் வீழ்ந்தார், மாணாக்கரானார். பின்பு அவர் இயற்றியதே சிவஞானசித்தியார். அந்த வயதில் அவர் மீண்டும் மாணாக்கராக இசையாதிருந்தால், அந்நூல் நமக்கு ஏது?

தீர்த்தவாரிக்குச் சுவாமி புறப்படும் நேரம் நெருங்குகின்றது. நாவுக்கரசர் வரலாற்றில் கடலைப் பற்றிய பகுதி ஒன்று எஞ்சியிருக்கின்றது. அதனைச் சொல்லி அமைவோம். பல்லவன் ஆணையால் அவரைக் கல்லோடு பிணித்துக் கடலில் இட்டனர். ஐந்தெழுத்தே துணையாகக் கல்லே தெப்பமாயிற்று. இதே வங்கக் கடல்; இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள கரை. அவர் வந்து சேர்ந்த இடத்தைக் கரையேறவிட்ட குப்பம் என்று இன்றும் வழங்குகின்றனர். கரையேறிச் சென்ற ஊர் திருப்பாதிரிப்புலியூர். அவ்வூர் எது? அந்நாளில் பாடலிபுத்திரம் எனப் பெயர் பெற்றிருந்தது அதுவே என்பர். பாயும் பீலியுமாகத் தருமசேனர் என்னும் தலைவராய் அவர் இருந்த அதே ஊர். அவ்வூராரில் அவரை அக்கோலத்தில் கண்டவர் பலர் இருந்திருப்பர். அவர்கள் கரைக்குத் திரண்டு வந்து நின்றனர். பழைய பெயரை எவரேனும் சொன்னதாகச் சேக்கிழார் பெருமான் ஓரிடத்தும் கூறவில்லை. அன்று அவர்கள் வாயினின்று எழுந்தது அரகர முழக்கம் ஒன்றே.

திருச்சிற்றம்பலம்